வலிக்கும் முன்பே பல்லைக் கவனிப்போம்

பல் வலித்தால்தான் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணத்தால் பல்லும் போகிறது, பணமும் போகிறது. பல் நோயில் வலி மிகத் தாமதமாக வரும் அறிகுறி. வலி வருவதற்குள், சின்ன அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய வேலை வேர் சிகிச்சை வரை போய்விடுகிறது. அதையும் தள்ளிப்போட்டால் பல்லையே எடுக்க நேர்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது, அதற்கு என்ன சிகிச்சை, வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

வலி ஏன் தாமதமாக வருகிறது?

பல்லுக்கு மூன்று அடுக்குகள். வெளியே தெரிவது எனாமல் (பல்லின் கெட்டியான வெள்ளை உறை). நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். அதற்கு உள்ளே டென்டின் (கொஞ்சம் மென்மையான, வெளிர்மஞ்சள் நிறப் பகுதி). நடுவில் பற்கூழ் (நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான திசு).

எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் அங்கே சொத்தை தொடங்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. டென்டினை எட்டும்போது குளிர்ந்த தண்ணீரும் இனிப்பும் பட்டால் கூசும். பற்கூழை எட்டிய பிறகுதான் இரவில் தூங்கவிடாத வலி வரும்.

குழி விழுந்த எனாமல் மறுபடி வளராது. ஆனால் குழி விழுவதற்கு முன், பல்லில் மங்கலான வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும் கட்டத்தில் கவனித்தால், சொத்தையை அங்கேயே நிறுத்திவிடலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே போவதால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

பல்லுக்குள் உண்மையில் புழு இருக்கிறதா?

இல்லை. கண்டங்கத்திரி விதையின் புகையைப் பிடித்தால் பற்புழு விழும் என்று ஊர்ப்புறங்களில் இன்றும் சொல்வார்கள். சொத்தைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் (நுண்ணுயிரிகள்). அவை பல்லின் மேல் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. நீங்கள் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள தாது உப்புகளைக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தின் வேகத்தைத் தணித்து, கரைந்த தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பப் பல்லுக்குக் கொடுக்கிறது. கரைவது திரும்பக் கிடைப்பதைவிட அதிகமானால் குழி விழுகிறது.

அப்படியானால் இனிப்பே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதோடு, எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு முறை சர்க்கரை பட்டதும் வாயில் ஏறும் அமிலம் தணிய சுமார் அரை மணி நேரம் ஆகும். மதிய உணவோடு ஒரு லட்டு சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல்தான். அதே லட்டைப் பிட்டுப் பிட்டு மாலை வரை தின்றால் பல தாக்குதல்கள். சர்க்கரை போட்ட டீயை நாள் முழுவதும் அடிக்கடி குடிப்பவர்களுக்குச் சொத்தை அதிகம் வருவதும் இதனால்தான்.

இனிப்பு மட்டும்தான் காரணமா? பிஸ்கட், பன், சிப்ஸ் போன்ற மாவுப் பண்டங்களும் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நேரம் போகப் போகச் சர்க்கரையாக மாறும். நொறுக்குத் தீனி சாப்பிட்டால் உடனே தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளியுங்கள்.

எப்படித் துலக்க வேண்டும்?

காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். இரவில் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பல்லில் தங்கும் உணவு செய்யும் கேடு அதிகம்.

தூரிகையின் நார்கள் மென்மையாக இருக்கட்டும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பரப்பு என மூன்றையும் தொடுங்கள். அழுத்தித் தேய்த்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைக்காதீர்கள். ஈறு கீழிறங்கி, வேர் வெளியே தெரிந்து, பல் கூச்சம்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அல்லது நார்கள் வளைந்ததும், தூரிகையை மாற்றிவிடுங்கள்.

துலக்கிய பின் நுரையைத் துப்புங்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால், பற்பசையில் உள்ள ஃப்ளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கி வேலை செய்யும். எலுமிச்சைச் சாறு, சோடா போன்ற புளிப்பானவற்றைக் குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். புளிப்பு பட்டதும் எனாமலின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும்.

பல்லிடுக்கில் தூரிகை நுழையாது. அங்கே பல் இழையை (இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல்) அல்லது இடுக்குத் தூரிகையை நாளுக்கு ஒரு முறை பயன்படுத்துங்கள். ஊக்கு, தீக்குச்சி போட்டுக் குத்த வேண்டாம்.

வேப்பங்குச்சியும் உமிக்கரியும் போதாதா?

மென்று நாராக்கிய வேப்பங்குச்சி பல்லின் வெளிப்பக்கத்தை ஓரளவு சுத்தம் செய்யும். உள்பக்கத்துக்கும் இடுக்குகளுக்கும் அது எட்டாது. அதில் ஃப்ளோரைடும் இல்லை. உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல், கல் உப்பு ஆகியவை சொரசொரப்பானவை. பல்லை முதலில் வெள்ளையாகக் காட்டினாலும், நாளடைவில் எனாமலைத் தேய்த்துவிடும்.

ஃப்ளோரைடு நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்வி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மக்களுக்கு நன்றாகவே புரியும். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருப்பதால், பற்கள் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. அதற்குத் தீர்வாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நாள்தோறும் வயிற்றுக்குள் போகும் ஃப்ளோரைடு வேறு, பல்லில் தடவித் துப்பும் ஃப்ளோரைடு வேறு. அளவான ஃப்ளோரைடு எனாமலை அமிலத்துக்கு எதிராக வலுப்படுத்துகிறது.

டியூபில் சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றால், குழந்தைக்கு எந்தப் பற்பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறதே?

அது ஈறு அழற்சியின் (ஈறு சிவந்து வீங்குவதன்) முதல் அறிகுறி. இரத்தத்தைப் பார்த்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். அழுக்கு சேர்ந்து அழற்சி கூடுகிறது. மென்மையான தூரிகையால் அந்த இடத்தை மேலும் கவனமாகத் துலக்குங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இரத்தம் குறையும். குறையவில்லை என்றால் அங்கே காரை (கல்போல இறுகிவிட்ட அழுக்கு) இருக்கலாம். காரை எந்தத் தூரிகைக்கும் போகாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஈறு முழுமையாகத் தேறிவிடும். விட்டுவிட்டால் அழற்சி கீழே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும். வேரைச் சுற்றி மண் அரித்துப்போன மரத்தைப்போல, சொத்தையே இல்லாத நல்ல பல்லும் ஆடி விழும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. இவ்வளவும் பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் வேகமாக வளரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி இரத்தம் வரலாம். தேவையான பல் சிகிச்சையைப் பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் இரத்தம் அவ்வளவாக வராது. அதனால் இரத்தம் வரவில்லை என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஸ்கேலிங் செய்தால் பல் தேயுமா, ஆடுமா?

ஸ்கேலிங் (காரையை எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்தல்) பற்றிப் பலருக்கும் உள்ள பயம் இது. நுண்ணிய அதிர்வு தரும் கருவியால் காரையை உடைத்துத் தண்ணீரால் கழுவி எடுக்கிறார்கள். முறையாகச் செய்தால் எனாமல் தேயாது.

பிறகு ஏன் இடைவெளி விழுந்ததுபோல் தெரிகிறது? அந்த இடைவெளியைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஏன் ஆடுவதுபோல் இருக்கிறது? எலும்பு முன்பே குறைந்திருக்கும். பற்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருந்த காரை போனதும் அது தெரியவருகிறது. சில நாள் பல் கூசலாம், தானாகக் குறையும். ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒரு முறை, உங்கள் ஈறின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள்.

எப்போது அடைப்பு போதும், எப்போது ரூட் கேனால்?

சொத்தை எனாமலிலும் டென்டினிலும் நின்றிருந்தால், கெட்ட பகுதியைச் சுரண்டி எடுத்து அடைத்துவிடலாம். இப்போது பெரும்பாலும் பல்லின் நிறத்திலேயே கம்போசிட் (ஒளி பட்டால் இறுகும் பிசின்) வைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வருகையில் முடியும். செலவும் குறைவு.

சொத்தை பற்கூழை எட்டிவிட்டால் மேலே அடைத்துப் பயனில்லை. அப்போதுதான் ரூட் கேனால் (வேர் சிகிச்சை). மரத்துப்போக ஊசி போட்டு, கெட்டுப்போன பற்கூழை எடுத்து, வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா (ரப்பர் போன்ற ஒரு மரப்பிசின்) வைத்து அடைக்கிறார்கள். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய்தான். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு இருக்கும். அதனால்தான் நேரமும் செலவும் பல்லுக்குப் பல் மாறுகின்றன.

வலிக்குமா? ஊசி வேலை செய்யத் தொடங்கிய பின் பெரும்பாலோருக்குச் சிகிச்சையின்போது வலி இருக்காது. கடுமையான அழற்சி இருந்தால் கூடுதல் மருந்து தேவைப்படலாம். வலித்தால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். முடிந்த பின் ஓரிரு நாள் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம்.

சிகிச்சைக்காக எடுக்கும் எக்ஸ்ரே ஆபத்தா? ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையாகவே நமக்கு ஒரு நாளில் கிடைக்கும் அளவை ஒட்டியதுதான். வேர் எத்தனை, சீழ் எங்கே என்பது அது இல்லாமல் தெரியாது. கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முதல் வருகையிலேயே வலி நின்றுவிட்டதே, மறுபடி போக வேண்டுமா? கட்டாயம் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் தற்காலிக அடைப்பு உதிர்ந்து, கிருமி மறுபடி உள்ளே போகும். கடைசியில் பல்லையே எடுக்க வேண்டிவரும்.

கேப் (பல்லுக்கு மேல் போடும் உறை) அவசியமா? வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் பெரும்பாலும் நிறையச் சிதைந்து பலவீனமாக இருக்கும். முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது பிளக்கலாம். அதனால் பெரும்பாலும் கேப் தேவை. செலவைக் கேட்கும்போதே கேப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

வலி தானாகவே நின்றுவிட்டால்?

நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும், கிருமி நிற்காது. அது வேர்நுனியில் சீழ்க்கட்டியாக வளரும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி மாத்திரை) வாங்கி விழுங்கினால் வீக்கம் சில நாள் அடங்கலாம். காரணம் பல்லுக்குள்ளேயே இருப்பதால் திரும்ப வரும். கிராம்புத் தைலமும் சற்று நேரத்துக்கே வலியைத் தணிக்கும். வலி மாத்திரையை ஈறின் மேல் வைத்து அடக்காதீர்கள், ஈறு வெந்துவிடும்.

பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல்தாடைப் பல்லை எடுத்தாலும் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவதே மேல். முடியாதபோதுதான் பிடுங்க வேண்டும்.

பிடுங்கிய பின் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இறுகக் கடியுங்கள். அன்று முழுவதும் துப்பாதீர்கள், உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்காதீர்கள், புகைபிடிக்காதீர்கள். குழியில் உறைந்த இரத்தம்தான் காயத்துக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாளை ஒட்டிக் கடும் வலி வரும். அப்படி வந்தால் உடனே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். முதல் நாள் ஆறிய, மென்மையான உணவு சாப்பிடுங்கள். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எலும்பு அடர்த்தி குறைவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா? இதய வால்வு மாற்றியிருக்கிறீர்களா? மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

போன பல்லுக்கு மாற்று என்ன?

மூன்று வழிகள். கழற்றி மாட்டும் பல்செட் செலவு குறைவு. இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். பிரிட்ஜ் (இரண்டு பக்கப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பல்) கழற்ற வேண்டாம். ஆனால் பக்கத்துப் பற்களைச் செதுக்கிக் குறைக்க வேண்டும். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியத் திருகு) பக்கத்துப் பற்களைத் தொடாது. செலவு அதிகம், முடியப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும்.

இம்ப்ளான்ட் புதிய சோதனை முயற்சியா? இல்லை. டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடுவதைக் கண்ட சுவீடன் நாட்டு மருத்துவர் பிரேனெமார்க், 1965-இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் இது தோற்பதற்கான வாய்ப்பைக் கூட்டும்.

பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது?

விழும். ஆனால் 20 பால் பற்களில் கடைசியானவை 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. முன்னதாகப் போனால் குழந்தை மென்று சாப்பிடச் சிரமப்படும். பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் வரும் நிலையான பல் கோணலாக முளைக்கும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடாதீர்கள். ஆறு வயதை ஒட்டிப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைப்பதல்ல; அது ஆயுள் முழுவதற்குமான பல். பால் பல் என்று நினைத்து அதைக் கெடவிடுபவர்கள் ஏராளம்.

உடனே ஓட வேண்டிய நேரம் எது?

முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

விளையாடும்போது நிலையான பல் முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் சில நொடி மட்டும் கழுவி, குழியிலேயே திரும்பப் பொருத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரை அடைந்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்த வேண்டாம்.

வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலோ, வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தாலோ காத்திருக்காதீர்கள். பாக்கு, புகையிலை, குட்கா போடுபவர்களுக்கு இவை வாய்ப் புற்றுநோய்க்கு முன்னோட்டமாக இருக்கலாம். வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

செலவுக்கு என்ன செய்வது?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கட்டணம் வெளியே ஆவதைவிடப் பொதுவாகக் குறைவு. காத்திருக்கும் நேரம்தான் அதிகம். மாணவர்கள் செய்தாலும் பேராசிரியர்கள் மேற்பார்வை செய்வார்கள்.

எங்கே போனாலும், சிகிச்சை தருபவர் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பல்லில் பிரச்சினை? வேறு வழி உண்டா? எத்தனை முறை வர வேண்டும்? முழுச் செலவு எவ்வளவு? நல்ல மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பதில் சொல்வார்.

இன்று இரவே தொடங்குங்கள். படுக்கும் முன் இரண்டு நிமிடம் துலக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பற்களையும் ஈறுகளையும் நாக்கின் ஓரங்களையும் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ இரத்தக் கசிவோ ஆறாத புண்ணோ தெரிந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும், கடைசியாகப் பரிசோதித்து ஓர் ஆண்டு ஆகியிருந்தால் ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள். பல்லிடுக்கிலும் ஈறுக்கு அடியிலும் தொடங்குவது கண்ணாடியில் தெரியாது.